குடியும் ஊரும் விகிதமும்



மட்டக்களப்பிலிருந்து கடற்கரைத் தெருவால் தெற்கு நோக்கிச் செல்பவர் பெரியநீலாவணையை அடைந்ததும் ஒரு புதுமையைக் காணத் தொடங்குவார். பெரியநீலாவணை தமிழரின் ஊர். அதனை அடுத்திருக்கும் மருதமுனை முஸ்லிம்களின் ஊர். கைத்தறி நெசவாற் புகழ் பெற்றது. அதற்கப்பால் பாண்டிருப்பு; திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் அவ்வூருக்குரிய அடையாளங்கள். பின்னர் கல்முனைப் பட்டினம் வருகிறது. அங்கே தமிழரும் முஸ்லிம்களும் கடைக்குக் கடை கலந்திருக்கின்றனர். அடுத்துக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்னும் முஸ்லிம் ஊர்கள். அவற்றைக் கடந்தால் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு. அதன் தெற்கே நிந்தவூர். இவ்வாறு மாலையிற் கோத்த இருநிற மணிகள் போல, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் எனப் பொத்துவில் வரைக்கும் ஊர்கள் மாறி மாறி வருகின்றன. மேற்கே திரும்பினால் வயல்வெளி; சம்மாந்துறை; அதனையும் தாண்டினால் 1949ஆம் ஆண்டிலே தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சிங்களக் குடியேற்றங்கள்; அம்பாறை நகரம்.

கரையோர ஊர்களில் ஒரே மொழி பேசப்படுகிறது. வயலுக்குப் பாயும் நீரும் ஒன்றே. ஆயினும், “உங்களுக்காகப் பேசுபவர் யார்?” என்று கேட்டால் ஒவ்வோர் ஊரும் வேறொரு விடை கூறும். அரசியல் திட்டங்களை ஒப்பிட்டு ஆராய்வோர் பெரும்பாலும் முடியாட்சி, குடியாட்சி, சனாதிபதி ஆட்சி, மந்திரிசபை ஆட்சி என்று பெயர்களைக் கொண்டு பாகுபாடு செய்வர். பெயர்கள் பயனுடையனவே. ஆனால் பல இனத்தாரும் பல சமயத்தாரும் விரவி வாழும் தெற்காசியாவில் அவற்றினும் முந்திய வினா ஒன்று உண்டு. மக்களை எவ்வாறு எண்ணுவது என்பதே அவ்வினா. பிறப்பைக் கொண்டு எண்ணலாம். வாழும் இடத்தைக் கொண்டு எண்ணலாம். அவர்கள் இடும் வாக்கின் கூட்டுத்தொகையைக் கொண்டும் எண்ணலாம். கடந்த இருநூறு ஆண்டுகளில் இப்பகுதியில் நிகழ்ந்த ஆட்சி மாற்றங்களிற் பல, கொடியும் பெயரும் மாறிய செய்திகளாக மட்டும் அமையாமல், இம்மூன்று கணக்குகளுள் ஒன்றைவிட்டு இன்னொன்றுக்குத் தாவிய வரலாறாகவும் அமைந்துள்ளன. கல்முனைக் கரையோ மூன்றையும் கண்டது.

பிறப்பைக் கொண்டு எண்ணும் முறை வெள்ளையர் கொண்டுவந்த புதுமை என்று எண்ணிவிடுதல் தவறு. கிழக்கிலங்கையில் தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் குடிவழி என்னும் அமைப்பு நெடுங்காலமாக நிலவுகிறது. ஒருவனுடைய குடி தந்தையால் வருவதன்று; தாயினால் வருவது. கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் உரிய வண்ணக்கர் இருப்பார். பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் உரிய மரைக்காயர் இருப்பார். மரைக்காயர்கள் கூடிப் பள்ளியின் காரியங்களை நடத்துவர். ஊர் பெரிதோ சிறிதோ, குடியின் தலைகள் மிகுதியோ குறைவோ, ஒவ்வொரு குடிக்கும் அவையில் ஓரிடம் உண்டு. எந்தக் குடியும் தன்னை முற்றாக மறந்துவிட்டார்கள் என்று முறையிட இயலாது என்பது இதன் நன்மை. குடியில்லாத வந்தேறியும், குடியிற் பிறந்தும் மரைக்காயரோடு ஒத்துப்போகாத இளைஞனும் வாய்திறக்க வழியில்லை என்பது இதன் குறை. 1956ஆம் ஆண்டின் வக்புச் சட்டம் பள்ளிவாசல்களுக்கு நம்பிக்கையாளர்களைச் சட்டத்தின் வழியே நியமிக்க ஏற்பாடு செய்தது. ஆயினும் குடிக்கொருவர் என்ற எண்ணம் பல ஊர்களிற் சட்டத்துக்குப் பின்னும் உயிரோடிருந்தது.

ஆங்கிலேயர் 1833ஆம் ஆண்டிற் கொழும்பில் அமைத்த சட்டநிரூபண சபையும் உண்மையில் ஒரு மரைக்காயர் சபை போன்றதே. உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் அறுவர். அவருள் மூவர் ஐரோப்பியர், ஒருவர் சிங்களவர், ஒருவர் தமிழர், ஒருவர் பறங்கியர். நாட்டிலே மிகச் சிறுதொகையினராக இருந்த ஐரோப்பியருக்குப் பாதி இடம் என்பதைக் கவனித்தல் வேண்டும். பிறப்பைக் கொண்டு எண்ணுமிடத்து, எண்ணுபவன் தன் பிறப்பை முதலில் எண்ணிக்கொள்வான். முஸ்லிம்களுக்கென ஓரிடம் 1889இலேதான் கிடைத்தது. எம். ஸி. அப்துல் ரகுமான் அதனை முதலில் வகித்தார். இந்தியாவிலே 1909ஆம் ஆண்டின் மிண்டோ - மோர்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகளை வழங்கிற்று. முஸ்லிம் வாக்காளர் மட்டும் சேர்ந்து முஸ்லிம் உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறை அது.

தனித் தொகுதி சிறுபான்மையோருக்குப் பாதுகாப்பா, சிறைவாசமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அயலார் இருவரின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. இந்தியாவின் அரசியல் நிருணய சபை சமயச் சிறுபான்மையோருக்கான தனித் தொகுதியையும் ஒதுக்கிய ஆசனத்தையும் கைவிட்டது. பட்டியற் சாதியாருக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் ஆசனங்களை ஒதுக்கியது. அவற்றிலும் எல்லாச் சாதியாரும் கூடியே வாக்களிப்பர். மக்களவையின் 543 தொகுதிகளில் 84 பட்டியற் சாதியாருக்கும் 47 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டன. பாகிஸ்தானோ மாறான வழியிற் சென்றது. 1985ஆம் ஆண்டிலே தளபதி ஸியாவுல் ஹக்கின் ஆட்சி, முஸ்லிம் அல்லாதாரைத் தனி வாக்காளர் இடாப்பில் வைத்தது. விளைவு யாது? சிந்து மாகாணத்துக் கிராமத்தில் வாழும் இந்துவின் வாக்கு அவ்வூர்த் தொகுதியிற் போட்டியிடும் முஸ்லிம் வேட்பாளருக்குத் தேவையற்றதாயிற்று. தேவையற்ற வாக்குடையவன் வீட்டுக்கு வேட்பாளர் போவாரோ? அவனுக்கென்று தனி உறுப்பினர் இருந்தார். ஆனால் அவன் ஊருக்குத் தெருப் போடும் உறுப்பினர் அவனுக்குக் கடமைப்பட்டவரல்லர். 2002ஆம் ஆண்டில் அம்முறை நீக்கப்பட்டது. அதன் பின் பொதுத் தொகுதியில் எல்லாருக்கும் வாக்கும், தேசிய சபையிற் சிறுபான்மையோருக்குப் பத்து ஒதுக்கிய ஆசனங்களும் என்ற ஏற்பாடு வந்தது.

இலங்கையிலே இம்முறையை வேரோடு களைந்தவர்கள் டொனமூர் ஆணையாளர்கள். 1931ஆம் ஆண்டிலே இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. பிரித்தானியாவிலேயே பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்று மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தது. இனிமேல் ஊரே கணக்கு, குடி கணக்கன்று. அவ்வாண்டுத் தேர்தலில் நாடு முழுவதிலும் வெற்றி பெற்ற முஸ்லிம் ஒருவரே. அவரும் வென்ற தொகுதி மட்டக்களப்புத் தெற்கு, அதாவது கல்முனைக் கரையை உள்ளடக்கிய தொகுதி. வென்றவரான எச். எம். மாக்கான் மாக்கார் தென்னிலங்கை வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது சுவையான செய்தி. ஊரைக் கொண்டு எண்ணும் சட்டம் வந்த முதல் நாளிலேயே இக்கரையிலிருந்து கொழும்பு சென்றவர் வேற்றூரவர்! அவர் போக்குவரத்து, மராமத்து ஆகியவற்றுக்கு அமைச்சருமானார்.

டொனமூர்த் திட்டத்திலே இன்னொரு சிறப்பும் இருந்தது. பிற்காலத்தார் அதனைப் பெரும்பாலும் மறந்துவிட்டனர். அரசாங்க சபையில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பிரிவு கிடையாது. உறுப்பினர் யாவரும் ஏழு நிருவாகக் குழுக்களுள் ஏதேனும் ஒன்றில் இடம்பெறுவர், ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்யும், அத்தலைவரே அமைச்சர். இலண்டன் மாநகராட்சி மன்றக் குழுக்களைப் பார்த்து அமைத்த முறை என்பர். காகிதத்திற் பார்த்தால், சிறுபான்மை உறுப்பினர் ஒருவருக்கு இதனிலும் ஏற்ற முறை அரிது. அவர் எக்குழுவில் இருப்பினும் ஆட்சியில் ஒரு பங்குடையவராவார். ஆனால் 1936ஆம் ஆண்டிலே குழுக்களின் உறுப்பினர் தொகை சாதுரியமாகப் பங்கிடப்பட்டபோது ஏழு அமைச்சரும் சிங்களவராகவே வந்தனர். அத்தேர்தலில் முஸ்லிம் எவரும் வெல்லவுமில்லை; நியமனத்தின் மூலமே இருவர் சபை புகுந்தனர். பகிர்ந்தாளும் நோக்கத்தோடு செய்த பொறியைக் கொண்டே பகிராமல் ஆளவும் முடியும் என்பதற்கு இந்த ஓராண்டு நிகழ்ச்சியைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

சோல்பரி ஆணையாளர்கள் இப்பிழையைத் திருத்த முயன்றனர். அவர்கள் மீண்டும் குடிக் கணக்குக்குப் போகவில்லை. ஊர்க் கணக்கையே சற்று வளைத்தனர். 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம். அதனோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம். குடிசனம் அருகிய வடக்கும் கிழக்கும் வன்னியும் நிலத்தின் பெயரால் மேலதிக இடம் பெற்றன. காட்டு மரங்களுக்கும் யானைகளுக்குமா பிரதிநிதித்துவம் என்று அக்காலத்தில் நகைத்தவர்கள் உண்டு. ஆனால் இந்த ஏற்பாட்டினால் 1947ஆம் ஆண்டிற் கிழக்கு மாகாணம் ஏழு தொகுதிகளைப் பெற்றது. கல்முனையும் பொத்துவிலும் அவற்றுட் சேர்ந்தவை. மாலைதீவின் 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பும் இதே எண்ணத்தை வேறு வகையிற் கையாள்கிறது: 5,000 பேர் வரையுள்ள நிருவாகப் பிரிவு எவ்வளவு சிறிதாயினும் இரண்டு உறுப்பினருக்கு உரியது. கடலாற் பிரிந்த தீவுகளுக்கும் காட்டாற் பிரிந்த ஊர்களுக்கும் மருந்து ஒன்றுபோலும்.

சோல்பரித் திட்டத்தின் மிக நுட்பமான பகுதி பல அங்கத்தவர் தொகுதியாகும். கலந்து வாழும் இனங்களைக் கோடு கிழித்துப் பிரிக்க இயலாத இடத்தில், கோடு கிழியாமலே இரண்டு அல்லது மூன்று உறுப்பினரை ஒரு தொகுதிக்கு வழங்குவது. வாக்காளர் தம் கையிலுள்ள வாக்குகளைப் பிரித்தும் இடலாம். யாவற்றையும் ஒருவருக்கே குவித்தும் இடலாம். 1947இல் மத்திய கொழும்பு தெரிவு செய்த மூவரைப் பாருங்கள்: தொழிற் கட்சித் தலைவரான சிங்களவர் ஏ. ஈ. குணசிங்கா, மலாயரான டி. பி. ஜாயா, பறங்கியரும் பொதுவுடைமைக் கட்சியினருமான பீட்டர் கெனமன். கிழக்கிலே மட்டக்களப்பு 1960 முதல் இரட்டைத் தொகுதியாயிற்று. பொத்துவில் 1977இல் இரட்டைத் தொகுதியாகி ஒரு முஸ்லிமையும் ஒரு தமிழரையும் அனுப்பியது. எவரும் தம் அயலாரைத் தோற்கடிக்காமலே தம் உறுப்பினரை வெல்லச் செய்யலாம். இப்பகுதி நாடுகள் கண்ட முறைகளுள் கலப்புற்ற கரைக்கு இதுவே மிகப் பொருத்தமானதென்று கூறினும் பிழையாகாது. வருந்தத்தக்க விதமாக, அதனைக் கல்முனை முழுவதற்கும் விரிக்கும் வாய்ப்பு வருமுன்னே திட்டமே மாறிவிட்டது.

மாறியதற்குக் காரணமும் இருந்தது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழப் பாதி வாக்குகளைப் பெற்று 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. நூற்றுக்கு முப்பது பங்களவு வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே ஆசனங்கள். அதற்கு முந்திய 1970ஆம் ஆண்டுத் தேர்தலிலும் இத்தகைய வீக்கம் மறுபக்கத்துக்குக் கிட்டியிருந்தது; அவ்வீக்கத்தின் வலிமையாலேயே 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு நிறைவேறிற்று; சிறுபான்மையோருக்குக் காப்பாகச் சோல்பரித் திட்டத்திலிருந்த 29ஆம் பிரிவு அதனோடு மறைந்தது. 1978ஆம் ஆண்டின் யாப்பு நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதியையும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தையும் ஒருங்கே கொணர்ந்தது. தொகுதி போயிற்று, மாவட்டம் வந்தது. மாவட்டத்தில் விழும் வாக்குகளின் விகிதப்படி கட்சிகளுக்கு ஆசனம். ஆனால் எட்டில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, பெறாத கட்சிக்கு ஒன்றுமில்லை என்று வாசலிற் பூட்டும் போடப்பட்டிருந்தது.

அப்பூட்டைத் திறப்பித்தவர் கல்முனையிலே சட்டத்தரணியாக விளங்கிய எம். எச். எம். அஷ்ரப் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. 1981ஆம் ஆண்டிற் காத்தான்குடியிலே தோன்றிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசின் தலைவர் அவர். 1988ஆம் ஆண்டின் பதினைந்தாவது திருத்தம் வெட்டுப்புள்ளியை நூற்றுக்கு ஐந்தாகக் குறைத்தது. மறு ஆண்டிலே அஷ்ரப் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1994இல் அவர் கட்சியின் ஏழு ஆசனங்கள் இல்லையேல் பொதுசன ஐக்கிய முன்னணி 225 பேர் கொண்ட சபையில் 113 என்ற எண்ணை எட்டியிராது. ஒரு நூற்றாண்டுக்கு முன் தேசாதிபதி தந்த ஒற்றை நியமன ஆசனத்தோடு தொடங்கிய சமூகம், அரசாங்கத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்ல நிலையை அடைந்தது. இதனை இனவாதம் என்றனர் சிலர். விடுதலை என்றனர் சிலர். கணித நோக்கிற் பார்த்தால், சிதறிய வாக்குகளை ஒரு மாவட்டமாகக் கூட்டியெண்ணியதன் பயன் என்றே கொள்ளல் வேண்டும்.

ஆயினும் விகிதக் கணக்குக்கு ஊர் தெரியாது. மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியாக, வாக்காளர் தம் கட்சிப் பட்டியலில் மூவருக்கு விருப்பு வாக்கிடும் முறை வந்தபின், போட்டி கட்சிக்கும் கட்சிக்குமிடையே நடப்பதிலும் மிகுதியாக ஊருக்கும் ஊருக்குமிடையே நடக்கலாயிற்று. சம்மாந்துறைக்கு ஒருவர் வேண்டும், நிந்தவூருக்கு ஒருவர் வேண்டும், அக்கரைப்பற்றுக்கு ஒருவர் வேண்டும், கல்முனையை விட்டுவிட முடியுமா? ஒரே பட்டியலில் இருப்போர் ஒருவர் சுவரொட்டியை ஒருவர் கிழிக்கும் காட்சியைத் தேர்தற்காலத்தில் இக்கரை பலமுறை கண்டது. சிறிய தொகையினராயின் ஆபத்து இன்னும் பெரிது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்கு 43 பேரளவில் முஸ்லிம்கள். 39 பேரளவிற் சிங்களவர். 17 பேரளவில் தமிழர். ஏழு ஆசனங்களில் ஒன்று தமிழருக்கு இயல்பாகக் கிடைக்க வேண்டிய தொகை. 2020இல் அவர்களது வாக்குகள் இரு பட்டியல்களாகப் பிளந்தன. இரண்டையும் கூட்டினால் ஐம்பதினாயிரத்துக்கு மேல், ஓர் ஆசனத்துக்குப் போதுமானவை. பிளந்தமையால் மாவட்டத்திலிருந்து தமிழர் எவரும் தெரிவாகவில்லை. தேசியப் பட்டியல் மூலமே அக்குறை ஓரளவு நிரவப்பட்டது. 2024இல் அந்த ஆசனம் மீண்டது.

வாக்கை எண்ணுவது ஒருபுறமிருக்க, கோட்டை எங்கே கிழிப்பது என்பதும் ஆட்சிமுறையின் பகுதியே. 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமாயிற்று. கல்முனைக் கரையிலிருந்து காணி அலுவலுக்கும் பிற அலுவல்களுக்கும் மட்டக்களப்புக் கச்சேரிக்குச் சென்றவர்கள் அதன்பின் அம்பாறைக் கச்சேரிக்குச் செல்லலாயினர். தூரம் பெரிதன்று, மொழிதான் தூரமாயிருந்தது. தமிழிற் பேசி அலுவல் முடித்து வரும் வசதி வேண்டுமென்ற எண்ணமே கல்முனையைத் தலைமையிடமாகக் கொண்ட கரையோர மாவட்டக் கோரிக்கைக்கு வித்தாயிற்று. கேரளத்திலே இதனையொத்த கோரிக்கை 1969ஆம் ஆண்டிலே நிறைவேறியது. கோழிக்கோடு, பாலக்காடு மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தை ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாட்டின் அரசாங்கம் அமைத்தது. நாட்டைத் துண்டாடும் செயலென்று அன்று கடுமையான எதிர்ப்பு எழுந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் எதுவும் துண்டாகவில்லை. மலப்புறத்துக்கும் கல்முனைக்கும் ஒரு வேற்றுமை உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மலப்புறத்தைக் கோடிட்டுப் பிரிக்க நிலம் இடங்கொடுத்தது. மாறி மாறி வரும் ஊர்களைக் கொண்ட இக்கரையில், முஸ்லிம்களுக்கு நிறைவு தரும் கோடு தமிழருக்கு அச்சந் தரும். தமிழருக்கு நிறைவு தருவது முஸ்லிம்களுக்கு.

மாகாண மட்டத்திலும் இதே வழக்கு. 1987ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின் பின் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டன. தமிழருக்கு அது ஒரு நீண்டகாலக் கோரிக்கையின் நிறைவு. கிழக்கிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராயிருந்த முஸ்லிம்கள், இணைந்த மாகாணத்திலே மிகச் சிறிய பங்கினராகச் சுருங்கினர். பாகிஸ்தானின் வரலாறு இத்தகைய எண்ணெல்லைகளின் ஆபத்தைப் பெரிய அளவிற் காட்டுகிறது. 1955ஆம் ஆண்டிலே மேற்குப் பாகிஸ்தானின் மாகாணங்கள் யாவும் ஓரலகாக்கப்பட்டு, தொகையில் மிகுந்த கிழக்கு வங்காளத்தோடு சம ஆசனம் பெற்றன. 1970இல் அச்சமநிலை நீங்கித் தலைக்கணக்கு வந்ததும், அவாமி லீக் கிழக்கின் 162 பொது ஆசனங்களில் 160ஐ வென்று 300 ஆசனங்கொண்ட சபையிற் பெரும்பான்மை பெற்றது. அவ்வெண்ணை ஏற்க மறுத்ததன் முடிவே 1971ஆம் ஆண்டின் போரும் வங்காளதேசமும்.

வடகிழக்கு இணைப்பை 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. பிரிந்த கிழக்கின் மாகாண சபை சில ஆண்டுகள் செய்து காட்டியது சிறிய காரியமன்று. 2012ஆம் ஆண்டுத் தேர்தலில் 37 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, இன்னொரு கட்சிக்கு 1. தனித்து ஆளும் வலிமை எவருக்குமில்லை. எனவே பேசித்தான் தீர வேண்டும், பேசினர். 2008இல் முதலமைச்சராயிருந்தவர் தமிழர். 2012இலும் 2015இலும் அப்பதவியை ஏற்றவர்கள் முஸ்லிம்கள். யாரும் பெரும்பான்மையல்லாத மாகாணம் என்பது ஒரு வகையில் வாய்ப்பான நிலைமை.

நேபாளம் 2015ஆம் ஆண்டிற் செய்த ஏற்பாடு மூன்று கணக்கையும் ஒன்றாகப் பிணைக்க முயல்கிறது. 275 உறுப்பினரில் 165 பேர் தொகுதியால் வருகின்றனர். 110 பேர் விகிதத்தால் வருகின்றனர். அந்த விகிதப் பட்டியலிலே மாதேசியர், தாரு, தலித், முஸ்லிம் முதலிய பிரிவினரும் பெண்களும் குறித்த பங்கில் இடம்பெற வேண்டும். ஆயினும் ஏழு மாகாணங்களின் எல்லையைக் குறித்துத் தராய்ச் சமவெளியிற் கலகம் மூண்டு உயிர்கள் பலியாயின. எண்ணும் முறையில் எத்துணை நுட்பம் செய்தாலும் எல்லைக்கோடு தன் விலையைக் கேட்கவே செய்கிறது. இலங்கையும் 2017இல் மாகாண சபைகளுக்குக் கலப்புமுறையொன்றைச் சட்டமாக்கியது. தொகுதி எல்லைகளை வகுத்த அறிக்கை 2018 ஓகஸ்டிலே பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்குத்தானும் விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய சட்டம் போயிற்று. புதிய சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 2017 செப்டெம்பரிற் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையும் தேர்தல் நடக்கவில்லை. திருகோணமலையிலுள்ள அலுவலகங்கள் இயங்கின, ஆளுநர் இருந்தார், சபை மட்டும் இல்லை.

கீழ்ப்படியாகிய ஊராட்சிக்கு வந்தால் கல்முனையின் கதை இன்னும் நெருக்கமாகிறது. 1987க்கு முன்னர் இங்கு நான்கு சபைகள் இருந்தன: கல்முனைப் பட்டின சபையும், கரைவாகு வடக்கு, கரைவாகு மேற்கு, கரைவாகு தெற்கு ஆகிய கிராம சபைகளும். மருதமுனைக்கும், நற்பிட்டிமுனைக்கும், சாய்ந்தமருதுக்கும் தத்தம் அலுவலைத் தாமே பார்க்கும் மன்று இருந்தது. குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு எரிவதும் நடந்துபோய் முறையிடும் தூரத்தில் இருந்தன. பிரதேச சபைச் சட்டம் வந்தபோது நான்கும் ஒன்றாயின. பின்னர் அவ்வொன்று மாநகர சபையாக உயர்ந்தது. உயர்வு பெருமை தந்தது. ஆனால் சாய்ந்தமருது தன் பழைய சபையை மறக்கவில்லை. 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலே, வட்டார முறை நூற்றுக்கு அறுபதும் விகிதம் நாற்பதுமாகக் கலந்து நடந்தபோது, தனி நகர சபை கோரிய சுயேச்சைக் குழு அவ்வூரில் வென்றது; கட்சிகளின் பெயர் ஊரின் பெயருக்கு முன் நிற்கவில்லை. அதே நகரிலே தமிழர், வடக்குப் பிரதேச செயலகத்துக்கு முழு அதிகாரம் வழங்குமாறு வேண்டி 2019 யூனிலே உண்ணாவிரதம் இருந்தனர். முஸ்லிம்கள் எதிர்ப்போராட்டம் நடத்தினர். 2020 பெப்ரவரியிற் சாய்ந்தமருதுக்கு நகர சபை அமைக்கும் அதிவிசேட வர்த்தமானி வெளிவந்தது. பட்டாசு வெடித்தது. சில நாள்களுக்குள்ளேயே அது நிறுத்தப்பட்டது.

மாநகர சபையின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. நாட்டின் ஏனைய சபைகளைப் போலவே அதுவும் ஆணையாளரின் கைக்கு மாறிற்று. 2025 மே 6ஆம் திகதி 339 உள்ளூராட்சி சபைகளுக்கு வாக்கெடுப்பு நடந்தது. காரைதீவு வாக்களித்தது, நிந்தவூர் வாக்களித்தது, சம்மாந்துறை வாக்களித்தது. கல்முனை மாநகர சபையின் வழக்கு நீதிமன்றத்தில் இருந்தமையால் அங்கு மட்டும் தேர்தல் இல்லை. அன்று பெரியநீலாவணை முதற் சாய்ந்தமருது வரையுள்ள ஊர்களில், தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே, வாக்குச் சாவடிக்குப் போகாமல் வழக்கம்போலத் தத்தம் தொழிலுக்குச் சென்றனர்.